எடை குறைந்தது சரி, இந்தப் படபடப்பு எங்கிருந்து வந்தது?

அரைவயிறு | திங்கள், இரவு 11.40

இரண்டு வருஷமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதமாகக் கடுமையான டயட்டில் இருக்கிறேன். போனில் உள்ள ஆப் ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்றது, அதைத் தாண்டியதே இல்லை. மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம். மாலை ஆறு மணிக்குமேல் கறுப்புக் காபியும் தண்ணீரும்தான். எடை நன்றாகவே இறங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ரகசியம் கேட்கிறார்கள்.

யாரிடமும் சொல்லாத விஷயம் வேறு. ஒன்றரை மாதமாக விடியற்காலை மூன்று, மூன்றேகால் மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கெட்ட கனவு எதுவும் இல்லை. நெஞ்சு மட்டும் மாடிப்படி ஓடி ஏறினவளுக்குப் போல அடித்துக்கொள்கிறது. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன், விடிந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது மாதிரி ஒரு பயம். என்ன தப்பு என்று யோசித்தால் ஒன்றும் அகப்படாது. அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான்.

போன வாரம் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கறுக்மொறுக் சத்தம் தாங்காமல் தட்டைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன். அவள் திருப்பிப் பேசவில்லை. கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அது இன்னும் குத்துகிறது. அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். போன் வந்ததுபோல் நடித்துப் பதினைந்து நிமிஷம் படிக்கட்டில் நின்றேன்.

இன்னொரு வேடிக்கை. தினமும் தூங்கப் போகுமுன் இரண்டு மணி நேரம் சமையல் வீடியோ பார்க்கிறேன். அதற்குமுன் சமையலறைப் பக்கமே போகாத ஆள் நான்.

டாக்டரிடம் போனேன். இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருக்கிறதாம். டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். என்ன சாப்பிடுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இது டயட் செய்யும் வேலையா, இல்லை நான் பிறவியிலேயே பதற்றக்காரியா? உள்ளே இருந்தது இப்போது வெளியே வருகிறதா?

வெட்டிப்பேச்சு | திங்கள், இரவு 11.52

சாப்பிடுங்க தோழி. இழையைப் பூட்டிவிடலாம்.

ஏட்டுச்சுரைக்காய் | செவ்வாய், காலை 7.15

வெட்டிப்பேச்சு சொன்னதுதான் பதிலென்றாலும், ஏன் என்று தெரியாமல் இவரால் சாப்பிட முடியாது. பேரைப் பார்த்தாலே தெரியும், நான் படித்ததை ஒப்பிக்கிற ஆள். அந்தச் சமையல் வீடியோ விஷயத்தைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். மனசாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்துக்கு அடியில் இருந்த அறைகளில்தான் தங்கல். முதல் 12 வாரம் வயிறார உணவு. அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி. அதோடு வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று.

எடை போனது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு நடந்ததுதான் கதை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிடுசிடுவென்று ஆனார்கள். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடும் விதம் பார்த்தே எரிச்சல். கூட்டத்தில் சேரப் பிடிக்காமல் ஒதுங்கினார்கள். சோர்வு, பதற்றம், நகம் கடித்தல். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிறோமே, அந்தப் பத்தில் காதலும் ஒன்று; அதுவும் பறந்தது. படுக்கையில் சமையல் குறிப்புப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கதைப்புத்தகம்போல வாசித்தார்கள். அதற்கு முன்பு அடுப்பையே எட்டிப் பார்க்காதவர்கள்! அரைவயிறு, உங்கள் வீடியோக்களை அங்கே பார்க்கிறீர்களா? அந்தக் காலத்தில் போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முக்கியமான ஒன்று. அரைப்பட்டினி என்று அவர்கள் பெயர் வைத்த அந்தச் சாப்பாடு சராசரியாக 1,570 கலோரி. அவர்கள் ஆண்கள், நிறைய நடந்தவர்கள், அதனால் உங்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் உங்கள் ஆப் 'இலக்கு' என்று பச்சை நிறத்தில் காட்டும் எண் அதைவிடச் சின்னது.

பிறவியிலேயே பதற்றக்காரியா என்று கேட்டீர்கள். அந்த 36 பேரும் அப்படி இல்லாதவர்கள் என்று சோதித்துத்தான் எடுக்கப்பட்டார்கள். இருந்தும் ஆனார்கள்.

கணக்குப்புலி | செவ்வாய், காலை 9.30

வழக்கம்போல டயட்டுக்கு எதிராக ஒரு இழை. நான் இரண்டு வருஷமாக 16:8 முறையில் இருக்கிறேன், பதினாறு மணி நேரம் வயிறு காலி. மனசு தெளிவாக இருக்கிறது, தூக்கம் அருமை, கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. எண்பது வருஷத்துக்கு முந்தைய சோதனையைக் காட்டிப் பயமுறுத்துவானேன்? காலரி (CALERIE) என்று ஒரு ஆய்வு இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? இரண்டு வருஷம் உணவைக் குறைத்தவர்களுக்கு மனநிலை கெடவில்லை, கொஞ்சம் மேம்படக்கூடச் செய்தது. 2016-ல் வந்தது.

எனக்குத் தெரிந்து பாதிப்பேர் டயட் தாங்காமல் விட்டுவிட்டு, பழியை அதன்மேல் போடுகிறார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | செவ்வாய், காலை 10.05

புலி அண்ணா, ஆய்வு உண்மைதான். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

25 விழுக்காடு குறைப்பதுதான் அவர்கள் போட்ட இலக்கு. இரண்டு வருஷத்தில் சராசரியாக எட்ட முடிந்தது 12 விழுக்காடு. இரண்டாயிரம் சாப்பிடுகிறவர் 240 குறைத்த மாதிரி. கூடவே ஆலோசகர்கள், உணவியல் வல்லுநர்கள், தொடர்ந்த பரிசோதனை. மனநலச் சிக்கல் உள்ளவர்களை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் மனசு கெடாது என்பதை அந்த ஆய்வு காட்டியது. தனியாக ஒரு ஆப்பை நம்பித் தேவையில் பாதியைச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்?

உங்கள் 16:8-ல் மீதி எட்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்களா?

கணக்குப்புலி | செவ்வாய், காலை 10.11

நிறைய.

வெட்டிப்பேச்சு | செவ்வாய், காலை 10.13

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது, இங்கே பசிக்கவே இல்லை.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 6.20

நான் நர்ஸ். இந்த மூன்று மணி முழிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூளை உடல் எடையில் இரண்டு விழுக்காடுதான், ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. அதற்கு இரவு, பகல் கிடையாது. மாலை ஆறு மணிக்கு வாயைக் கட்டினால் மூன்று மணிக்கு ஒன்பது மணி நேரம் ஆகிவிடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு ஈரலில் கையிருப்பு இருக்கும், அது சத்தமில்லாமல் சமாளிக்கும். மாதக்கணக்கில் மாவுச்சத்தை ஒதுக்கியவருக்கு அந்தக் கையிருப்பு குறைவு. ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்த அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களை உடல் இறக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை நிஜமாகவே ஆபத்தான அளவுக்குக் கீழே போவது அபூர்வம். அதனால் பரிசோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும்.

அட்ரினலின் என்ன செய்யும்? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். புலி துரத்தினாலும் அதேதான் நடக்கும் (கணக்குப்புலி கோபிக்க வேண்டாம்). உடம்பு இப்படி மணி அடித்ததும் மனசு எழுந்து காரணம் தேடும். காரணம் அகப்படாவிட்டால் ஒன்றைத் தைத்துக்கொள்ளும். 'ஏதோ தப்பு செய்துவிட்டேன்' என்று நீங்கள் எழுதியது அப்படித் தைத்ததாக இருக்கலாம். உங்களைப் பார்க்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்தக் கறுப்புக் காபி. மாலைக்குமேல் எத்தனை கோப்பை? வெறும் வயிற்றில் காஃபின் வேறு சேர்ந்தால் படபடப்புக்கு இரட்டை வேலை. பசியை அடக்கக் காபி குடிப்பது நிறையப் பேர் செய்வது. மினசோட்டாவிலும் அதே கதைதான் என்று படித்திருக்கிறேன், காபிக்கும் சூயிங் கம்முக்கும் அளவு வைக்க வேண்டி வந்ததாம்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. அவர்களுக்குச் சர்க்கரை நிஜமாகவே இறங்கும். ரத்தக் கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர் எடுத்தால், எச்சரிக்கை செய்ய வேண்டிய அந்தப் படபடப்பே தெரியாமல் போகலாம்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

அரைவயிறு | செவ்வாய், இரவு 10.02

எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் வைத்து வாசித்தேன், அந்தச் சமையல் புத்தக விஷயத்தில் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

காபி நான்கு, சில நாள் ஐந்து.

மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை. வேலை நெருக்கடி என்று விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை, அதனால்தான் முதலில் எழுதவில்லை.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 10.09

இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் அம்மா.

வருகிற சக்தி போதவில்லை என்றால் உடல் முதலில் நிறுத்துவது அவசரமில்லாத வேலைகளை. இனப்பெருக்கம் அதில் ஒன்று. தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் இறங்கும், கை கால் சில்லிடும், எலும்பு தேயத் தொடங்கும். விளையாட்டு வீரர்களிடம் இது அதிகம் என்பதால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கென்றே தனிப்பெயர் வைத்து அறிக்கை வெளியிட்டது. வீராங்கனையாக இருக்க வேண்டும் என்றில்லை, போதிய உணவில்லாத யாருக்கும் வரலாம். கர்ப்பம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் ஊகிக்காமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த ஆப்பைத் திறந்து காட்டுங்கள். இந்தத் தடவை அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒருகாலத்தில் | புதன், காலை 5.50

நானும் மூன்று மணிக்கு முழித்தவள். பழைய கதை, எண்கள் எதுவும் சொல்லப்போவதில்லை.

எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய பூதமாக நின்றது கணக்கு. காலையில் எழுந்ததும் தராசு. முள் இடப்பக்கம் போனால் நல்ல நாள், நூறு கிராம் வலப்பக்கம் போனால் அன்றைக்கு யாரும் என் பக்கம் வரக்கூடாது. ஒரு உப்புப் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் உறையில் உள்ள பொடி எழுத்தை இருபது நிமிஷம் படித்திருக்கிறேன். பிஸ்கட் வியர்வையில் ஊறிப்போயிற்று. சாப்பிடாமல் குப்பையில் போட்டேன், அப்புறம் அதை எடுக்கலாமா என்றும் யோசித்தேன்.

அரைவயிறு, நீங்கள் படிக்கட்டில் நின்ற அந்தப் பதினைந்து நிமிஷம்தான் எனக்குக் கவலை. படபடப்பு சாப்பிட்டால் அடங்கலாம். சாப்பாடு இருக்கும் இடத்தைவிட்டு ஓடத் தொடங்குவது வேறு. அதற்கு மனநல ஆலோசகரும் வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். 'நான் அவ்வளவு ஒல்லி இல்லையே, எனக்கெல்லாம் இந்த உணவுக்கோளாறு நோய் வருமா' என்று ஒரு சாக்கு வேறு. ஒல்லியாக இருந்தால்தான் வரும் என்றில்லை.

'ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறேன்' என்ற பெயரிலும் இது வரும். சுத்தமான உணவு மட்டும்தான் என்று பிடித்துக்கொண்டு வாழ்க்கையே அதற்குள் சுருங்கிப்போவதற்கு 1997-லேயே ஸ்டீவன் பிராட்மன் என்ற மருத்துவர் ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தார். என்னைப் பார்த்து ஊரே 'என்ன கட்டுப்பாடு!' என்று மெச்சியது. அந்த மெச்சுதல்தான் என்னை ஆறு மாதம் கூடுதலாக ஓட்டியது.

மட்டுறுத்துநர் | புதன், காலை 8.00

நல்ல இழை. ஒரு வேண்டுகோள்: இனி யாரும் தங்கள் எடை, கலோரி இலக்கு, எத்தனை கிலோ குறைந்தேன் போன்ற எண்களைப் போட வேண்டாம். இதே சிக்கலில் இருப்பவர்கள் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பதிவில் உள்ளதை விவாதத்துக்குத் தேவை என்பதால் விட்டுவைக்கிறேன்.

தண்டால் | புதன், மதியம் 1.35

ஆண்களுக்கும் உண்டு, யாரும் சொல்வதில்லை. உடற்கட்டுப் போட்டிக்காக மூன்று மாதம் 'கட்டிங்' (கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது) செய்தேன். கடைசி மாதம் என் நாய்கூட என்னிடம் வரவில்லை. போட்டி முடிந்த அன்றிரவு என்ன தின்றேன் என்று எழுதினால் மட்டுறுத்துநர் தடை போட்டுவிடுவார். மறுநாள் அழுகை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஏட்டுச்சுரைக்காய் | புதன், மதியம் 2.20

தண்டால், அதற்கும் ஆராய்ச்சி உண்டு. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்தது. டயட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மில்க்ஷேக் குடித்த டயட்காரர்கள், குடிக்காத டயட்காரர்களைவிட அதிக ஐஸ்கிரீம் தின்றார்கள். 'இன்றைக்கு விரதம் கெட்டுவிட்டது, இனி என்ன' என்கிற மனநிலை. டயட்டில் இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகத்தான் தின்றார்கள். இந்தக் கட்டறுப்பும், அடுத்த நாள் குற்ற உணர்ச்சியும், மறுபடி இன்னும் இறுக்கிக் கட்டுவதும் சேர்ந்து ஒரு செக்கு. மனசு அதில் மாட்டிய எள்.

ஒருகாலத்தில் சொன்ன 'கணக்கு' பற்றியும் ஒன்று. 2010-ல் ஜேனட் டோமியாமா குழு 121 பெண்களை மூன்று வாரம் கவனித்தது. உணவைக் குறைத்தவர்களுக்குக் கார்டிசால் ஏறியது. குறைக்காமல், சாப்பிட்டதை எழுதி எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கோ கார்டிசால் ஏறவில்லை. ஆனால் மன அழுத்தம் கூடியதாக உணர்ந்தார்கள். ஆக, பசிக்கு ஒரு வரி, கணக்குப்பிள்ளைக்கு ஒரு வரி. அரைவயிறு இரண்டையும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சமாதானம்: மினசோட்டாக்காரர்கள் மூளை மழுங்கிவிட்டது, எதிலும் கவனம் நிற்கவில்லை என்று புலம்பினார்கள். சோதித்துப் பார்த்தால் அறிவுத்திறன் பெரிதாகக் குறையவில்லை. கவனம் சாப்பாட்டின்மேல் இருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப்புலி | புதன், இரவு 9.15

முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மாதவிடாய் நின்றது தெரியாமல் எழுதியது. என் மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். 'உங்கள் கோபம் பாதியானது நீங்கள் காலையில் என்னிடம் பேசுவதை நிறுத்தியதால்தான்' என்கிறாள். பதினொரு மணிவரை நான் வாயைத் திறப்பதே இல்லையாம். யோசிக்கிறேன்.

வெட்டிப்பேச்சு | புதன், இரவு 9.17

இந்த மன்றத்தின் முதல் நேர்மையான ஆய்வு முடிவு.

அரைவயிறு | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னியுங்கள். சொல்லாமல் இருந்தால் தப்பு.

அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தேன். ஆப்பைக் காட்டினேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தார், ஒன்றும் திட்டவில்லை. பரிசோதனைகள் எடுத்தார், வேறு காரணம் எதுவும் இல்லை, உணவு போதாததுதான் என்றார். உணவியல் வல்லுநரிடம் அனுப்பினார். ஆலோசகரிடம் நானாகப் போனேன், ஒருகாலத்தில் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு.

சுலபமாக இல்லை. முதல் வாரம் காலை உணவில் மாவுச்சத்து வைத்தார்கள், தட்டின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வயிறு உப்பியது, கால் கொஞ்சம் வீங்கியது. எல்லாம் போச்சு என்று பயந்தேன். எடை ஏறியிருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது, தராசைத் தங்கை எங்கோ ஒளித்துவிட்டாள். படுக்கப் போகுமுன் ஒரு சின்னத் தீனி. காபி காலையில் இரண்டோடு சரி.

மூன்று மணி முழிப்பு மூன்றாவது வாரத்தில் குறைய ஆரம்பித்தது. போன வாரம் ஒரே ஒரு நாள் வந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்த்திருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மாதவிடாய் இன்னும் வரவில்லை, அதற்குச் சில மாதம்கூட ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கேக்கைப் பார்த்தால் இன்னமும் உள்ளங்கை வியர்க்கிறது. பதற்றம் சுத்தமாகப் போகவில்லை. கொஞ்சம் என்னுடையதும் உண்டுபோலிருக்கிறது, அதை ஆலோசகரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டே பேசினாள். அவள் எழுந்துபோன பிறகுதான் தட்டில் ஆப்பிள் விதைகள் கிடந்ததைப் பார்த்தேன்.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 5.10

மூன்றாவது வாரம் என்பது நல்ல வேகம். கால் வீக்கம் இன்னும் இருந்தால் அடுத்த தடவை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் தவிர்த்ததையும்.

வெட்டிப்பேச்சு | ஞாயிறு, மாலை 5.12

நான் பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே சொன்னேன்.